மஞ்சள் பூசிய பன்னிரண்டு எலிகள்

பெயர்ச்சீட்டு ஒட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. தாங்கள் ஒட்டிய சீட்டை உலகமே நின்று படித்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும் என்று நம்புவார்கள். எனக்கு அந்த மயக்கம் பள்ளிக்கூட நாளிலேயே பிடித்துவிட்டது. பென்சில் பெட்டிக்குள் பென்சில் என்று எழுதி ஒட்டியவள் நான். அந்த வயதில் யாராவது என்னிடம் "உன்கிட்ட என்ன குறை?" என்று கேட்டிருந்தால், "ஒழுங்கு கொஞ்சம் அதிகம்" என்று அடக்கமாகப் பதில் சொல்லியிருப்பேன். (அதை அடக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்த புதிதில், இந்த ஒழுங்கு என்னை ஒரு பேருந்து நிறைய மனிதர்கள் முன்னால் அழவைத்தது. அந்தக் கதைதான் இது.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். தினமும் காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறி, சாயங்காலம் திரும்பி வருவேன். கூடவே எம்.பில். ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். கல்லூரி நிர்வாகம் தெளிவாகச் சொல்லியிருந்தது: ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் எம்.பில். முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் முடித்த வேறு ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். அந்த வேறு ஒருவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். விண்ணப்பம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் பிரியமாக "ஆய்வு எந்த அளவுல இருக்கு மேடம்?" என்று விசாரிப்பார்.

என் ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்று ஒரு மாவு உண்டு. தண்ணீரில் கரைத்தால் கஞ்சி மாதிரி இருக்கும். அந்தக் கஞ்சியை ஊசி வழியாகக் கால்சியம் கலந்த நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த மாத்திரத்தில் ஒவ்வொரு சொட்டும் கெட்டியாகி, ஜவ்வரிசியைவிடச் சின்னதாக, பளிங்கு மாதிரி ஒரு மணியாகிவிடும். அந்த மணிக்குள் உயிருள்ள செல்களை வைத்து உடம்புக்குள் அனுப்ப முடியுமா என்று அப்போது வெளிநாடுகளில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை நோய் இருப்பவருக்கு இன்சுலின் சுரக்கும் செல்களை இப்படி மூடி வைத்தால், சத்தும் காற்றும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், உடம்பின் காவல்படை மட்டும் உள்ளே நுழைய முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்பு அவ்வளவு லேசில் ஏமாறுவதில்லை. வேற்றுப் பொருள் வந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் போதும், அந்த மணியைச் சுற்றி நார் நாராகத் திசுவை வளர்த்துப் பொட்டலம் கட்டிவிடும். உள்ளே இருக்கும் செல் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

நான் கேட்டுக்கொண்ட கேள்வி சின்னது. கடையில் வாங்கிய மாவை அப்படியே மணியாக்கி வைத்தால் உடம்பு எவ்வளவு பொட்டலம் கட்டும்? அதே மாவை வடிகட்டி, கரியில் ஊறவைத்து, சாராயத்தில் கழுவிச் சுத்தம் பண்ணி வைத்தால் எவ்வளவு கட்டும்? செல் வளர்க்கும் வசதியெல்லாம் எங்கள் கல்லூரியில் கிடையாது. (எங்கள் துறையில் மின்விசிறி சுற்றினாலே கைதட்டுவோம்.) அதனால் உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் மணிகளையே எடுத்துக்கொண்டேன். ஏப்ரல் கடைசியில், மயக்க மருந்து கொடுத்து, பன்னிரண்டு வெள்ளெலிகளின் வயிற்றுக்குள் அவற்றை வைத்துத் தைத்தேன். ஆறுக்குச் சுத்தம் செய்த மணி, ஆறுக்குச் சுத்தம் செய்யாத மணி. ஒரு மாதம் கழித்து, சென்னையிலிருந்து வரும் தேர்வாளர் முன்னிலையில், வயிற்றில் சின்னதாகக் கீறி, உப்புநீர் விட்டு மணிகளை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

எந்த எலிக்கு எது என்று தெரிய வேண்டுமே? என் வழிகாட்டி ஞானசேகரன் சார், "காதுல சின்னதா ஒரு வெட்டு போட்டுடும்மா. அதை யாராலயும் அழிக்க முடியாது" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வெட்டு ஒன்றுபோல் விழாது, பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஆய்வகத்தில் எலிகளுக்கு அடையாளம் வைக்கும் பிக்ரிக் அமிலம் என்ற மஞ்சள் சாயம் இருந்தது. சுத்தமான மணி வைத்த ஆறு எலிகளின் முதுகிலும் அதைப் பட்டையாகத் தடவினேன். மற்ற ஆறும் வெள்ளை. பார்த்தவுடனே தெரியும். அதோடு விட்டேனா? இரண்டு கூண்டில் வைத்தால் ஒன்றுக்குக் காற்று அதிகம், மற்றதற்குக் குறைவு என்று யாராவது கேள்வி கேட்பார்கள் என்று, பன்னிரண்டையும் ஒரே கூண்டில் விட்டேன். இவ்வளவு கச்சிதமாக யோசித்ததற்காக அன்றைக்கு ஒரு காபி கூடுதலாகக் குடித்தேன்.

மே மாதம் கல்லூரிக்கு விடுமுறை. எலிகளுக்குத் தீனி வைக்க ஆள் கிடையாது. ஆகவே கூண்டோடு திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தேன்.

என் மாமியாரை அதுவரை நான் பேசவே விட்டதில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு மரியாதையாக விலகி விலகி நடந்துகொண்டிருந்தேன். கூண்டைப் பார்த்ததும் அத்தை பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

"டேய் பலராமா! இங்க வந்து பாருடா, உம் பொண்டாட்டி இன்னாத்தைத் தூக்கிக்கினு வந்துகீறான்னு!"

பலராமன் என் கணவர். வீட்டுக்கு முன்புறத்திலேயே உரக்கடை வைத்திருந்தார். உரத்தோடு எலி மருந்தும் விற்பார். அவர் வந்து கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "படிப்புக்கும்மா" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கடைக்குத் திரும்பிவிட்டார்.

"பின்கட்டுல மல்லாட்டை மூட்டையைக் கடிக்குதுன்னு அங்க மருந்து வெக்கிறோம், இங்க சோறு வெக்கிறோமா? நல்லா கீதுடா நாயம்!" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, "அதுங்க வயித்துல ஏதோ வெச்சிருக்கியாமே, அது இன்னாது?"

"சின்னச் சின்ன மணி அத்தை."

"அதுக்குள்ள இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

"ஒண்ணுமே இல்லாததை எலி வயித்துல வெச்சா பட்டம் குடுப்பாங்களா?"

கேள்வி நியாயமானது.

ஒரு வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர், அடுத்த வாரம் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து முறம் வைத்துப் புடைக்க ஆரம்பித்தார். அதற்கடுத்த வாரம் எனக்குத் தெரியாமல் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுக்க ஆரம்பித்தார். கையும் களவுமாகப் பிடித்தபோது, "எல்லாத்துக்கும் சமமாத்தான் குடுத்தேன். ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணுக்குக் குடுக்காத வளக்கம் எங்கிட்ட கெடையாது" என்று எனக்கே ஆய்வுமுறை சொல்லிக்கொடுத்தார். எலிகளும் அவர் கையில் ஏறி உட்காரும். நான் போனால் மூலைக்கு ஓடும். (ஊசி குத்தியவள் நான்தானே.)

ஒருநாள் கேட்டார்: "ஏன் வசந்தா, பாதிக்கு மஞ்சா பூசியிருக்கியே, மத்ததுங்க இன்னா பாவம் பண்ணிச்சி?"

நான் சிரித்தேன். சும்மாவாவது இருந்திருக்கலாம். "அது ஒரு அடையாளம் அத்தை" என்று சொல்லிவிட்டு, என்ன அடையாளம், அழிந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் சொல்லாமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். எங்கேயும் போக வேண்டிய நாள்கூட இல்லை அது. விடுமுறை.

வாய்மொழித் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தேர்வாளர் அன்று ஒரு நாள்தான் வருவார். எலிகளுக்கு ஏதாவது ஆகி மறுபடி ஆரம்பித்தால் இன்னும் ஒரு மாதம். அதற்குள் கல்லூரி திறந்து, அந்தப் பிரியமான மனிதர் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் காலையில் குளித்து, புடவை கட்டி வெளியே வந்தபோது, கூண்டு சலவைத் துண்டால் நான்கு பக்கமும் மூடி முடிச்சுப் போட்டுத் தயாராக இருந்தது.

"வெயில் படக் கூடாதுன்னு கட்டிட்டேன். அவுக்காத. ஜல்தி கெளம்பு, பஸ் போயிடும்" என்றார் அத்தை. முகத்தில் ஒரு பூரிப்பு. இவ்வளவு அன்பான மாமியாரா என்று நினைத்துக்கொண்டே கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து இடத்தில், காலடியில் கருவாட்டுக் கூடையோடு மரக்காணத்து அம்மா ஒருவர். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் கண்டக்டர் வந்தார்.

"யம்மா, கூண்டுல இன்னா? கோழியா? லக்கேஜ் போடணும்."

"கோழி இல்லீங்க. எலி."

"எலியா!"

"ஆராய்ச்சி எலிங்க."

"ஆராய்ச்சி பண்ணா எலி எலி இல்லாம பூடுமா? துணியை எடு, பாக்கலாம்."

முடிச்சை அவிழ்த்தேன். பன்னிரண்டு எலிகள் என்னைப் பார்த்தன. பன்னிரண்டும் தலையிலிருந்து வால் வரை மஞ்சள். சந்தேகமில்லாமல், கல்லில் இழைத்த, நல்ல கொம்பு மஞ்சள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு. கூண்டின் கம்பியில் ஒரு துண்டு மல்லிகைச்சரம்.

முதலில் பேசியவர் மரக்காணத்து அம்மா. "அடி ஆத்தா! புள்ளையாரு வாகனம்! நலங்கு வெச்ச மாதிரி கீதுங்களே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட் கத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் போட்டுக்கொண்டார். பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் "எந்தக் கோயிலு?" என்று விசாரித்தார்.

"சாமி வாகனத்துக்கு லக்கேஜ் போட்டு நா வேற பாவத்தைத் தேடிக்கணுமா" என்று கண்டக்டர் நகர்ந்துவிட்டார்.

நான் அழுதுகொண்டிருந்தேன்.

"ஏம்மா அளுவுற? நல்லாத்தான கீது?" என்றார் மரக்காணத்து அம்மா.

"பாதிக்குத்தாங்க மஞ்சள் இருக்கணும்" என்றேன். அழுகைக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆல்ஜினேட், மணி, நார்த்திசு, நிரந்தர வேலை, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் நம்ப முடியவில்லை.

"பாசியா? கடப்பாசியையா? வலையில மாட்டிச்சின்னா நாங்க திட்டிக்கினே உதறிப் போட்டுட்டு வருவோம். நீ அதைக் கழுவி எலி வயித்துல வெச்சிக்கீற. அதுக்கு அளுவுற வேற!"

விக்கிரவாண்டி வரைக்கும் முந்தானையால் ஓர் எலியைத் துடைத்துப் பார்த்தேன். முந்தானை மஞ்சளானது. எலி அப்படியே இருந்தது.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தேர்வாளர் இன்னும் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. நேரம் இருந்ததுதான் தப்பாகப் போயிற்று. ஞானசேகரன் சார் கண்ணில் படாமல், ஆய்வகக் குழாயடிக்குக் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கே கிடந்த துணி சோப்பை எடுத்து எலிகளைத் தேய்த்தேன். நான் விலங்கியல் படித்தவள். வேதியியலும் துணைப்பாடமாகப் படித்தவள். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று என் அத்தைக்குத் தெரியும், ஊரில் துணி துவைக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும்தான் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் ஞாபகம் இல்லை.

பன்னிரண்டு எலிகளும் செக்கச்செவேல் என்று சிவந்துவிட்டன.

"மே ஐ கம் இன்" என்று யாரும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கதவருகில் ஞானசேகரன் சார், அவருக்குப் பக்கத்தில் வெள்ளைக் கஞ்சிப்புடவையில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஓர் அம்மையார். தேர்வாளர்.

அந்த மேடம் கூண்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"உங்க ஆய்வுத் திட்டத்துல வெள்ளெலின்னு போட்டிருந்தீங்க."

"ஆமாங்க மேடம்."

"இது?"

சொன்னேன். பிள்ளையார் வாகனம் வரைக்கும் சொன்னேன். ஞானசேகரன் சார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஆக, எது எந்த எலின்னு உங்களுக்குத் தெரியாது" என்றார் மேடம்.

"தெரியாதுங்க."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அந்தப் பை தோளில் ஏறுவதைப் பார்த்தபோது என் வேலையும் கூடவே ஏறிப் போவது தெரிந்தது. மஞ்சள், மஞ்சள் என்று மனது அடித்துக்கொண்டது. கல்யாணத்தின்போது நலங்கில் மஞ்சள் பட்ட என் புடவையைப் பற்றி நான் புலம்பியது ஞாபகம் வந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பிறகு கொடியில் வெயிலில் கிடந்து தானாகப் போயிற்று.

"மேடம்! வெயில்ல வெச்சா போயிடுங்க!" என்று கத்தினேன்.

"எது?"

"மஞ்சள். வெயில்ல வெளுத்துடும். பிக்ரிக் சாயம் வெளுக்காது. என் ஆய்வகக் கோட்டுல பட்டதை ஒரு வருஷமா துவைச்சு வெயில்ல காயப்போடறேன், இன்னும் அப்படியே இருக்கு." கோட்டைக் கொண்டுவந்து காட்டினேன்.

மேடம் கோட்டைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே விழுப்புரத்து மே மாத வெயிலைப் பார்த்தார். பையை இறக்கி வைத்தார்.

"எலியை வெயில்ல வைக்க முடியாது. முதுகு முடியை மட்டும் கத்தரிங்க. ஒவ்வொண்ணுக்கும் எண் போட்டு மாடியில வைப்போம். அது காயறதுக்குள்ள நீங்க மணிகளை வெளியே எடுத்து, மைக்ராஸ்கோப்புல பாத்து, எது சுத்தம் பண்ணின மணி, எது பண்ணாததுன்னு எங்கிட்ட சொல்லுங்க. முடியைப் பாக்காம."

எண் போடுவதற்கு என்ன செய்வது என்று யோசிக்கும் முன்பே, ஞானசேகரன் சார் மேசை இழுப்பறையிலிருந்து காது வெட்டும் கருவியை எடுத்தார். அதை எடுக்கும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? ஒரு மாதமாக அவர் அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

முடிக்கற்றைகளைத் தண்ணீரில் அலசி, கண்ணாடித் துண்டுகளில் ஒட்டி மாடிக்கு அனுப்பினோம். நான் கீழே உட்கார்ந்து ஒவ்வோர் எலியாக மயக்கி, கீறி, உப்புநீர் விட்டு, மணிகளை எடுத்துப் பார்த்தேன். சில எலிகளில் மணிகள் வைத்தபோது இருந்த மாதிரியே, தெளிவாக, தனித்தனியாக உருண்டு வந்தன. சிலவற்றில் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே வெள்ளையாகத் திசு படர்ந்து, பழைய பஞ்சுருண்டை மாதிரி வந்தன. சிலவற்றில் இரண்டுங்கெட்டானாக இருந்தன. அங்கேதான் வியர்த்தது. சாயம் இருந்திருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதியிருப்பேன். இப்போது ஒவ்வொரு மணியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த ஒரு மாதத்தில் நான் நிஜமாகவே உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான். பன்னிரண்டாவதைத் தைத்து முடித்து என் முடிவுகளைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது சாப்பாட்டு வேளை எப்போதோ போயிருந்தது.

மூன்று பேரும் மாடிக்கு ஏறினோம். தரை காலைச் சுட்டது. பாதிக் கற்றைகள் நரைத்த தலைமுடி மாதிரி வெளுத்துக் கிடந்தன. பாதி, பட்டை போட்ட இடத்தில் கெட்டியான மஞ்சளாக இருந்தன. மேடம் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"பதினொண்ணு சரி" என்றார். "ஒண்ணு தப்பு. இதை நீங்க சுத்தம் பண்ணாததுன்னு சொன்னீங்க. சாயம் இருக்கு. அப்ப சுத்தம் பண்ணின மணிதான். அப்புறம் ஏன் இவ்வளவு திசு?"

"தெரியலைங்க மேடம்" என்றேன். "புண்ணுல கிருமி பட்டிருக்கலாம். நான் கழுவினது சரியில்லாம இருந்திருக்கலாம்."

"காலையிலயே சாயம் கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா இதை என்னன்னு எழுதியிருப்பீங்க?"

"சுத்தமான மணி, திசு அதிகமில்லைன்னுதான் எழுதியிருப்பேன்" என்றேன்.

"ம்" என்றார் மேடம். "அப்ப உங்க மாமியாருக்கு நன்றி சொல்லுங்க. எது எந்த எலின்னு ஆய்வாளருக்கே தெரியாம மறைச்சு வெச்சுப் பாக்கறதுக்குப் பெரிய இடங்கள்ல ஆள் போட்டு வேலை செய்வாங்க. உங்களுக்கு வீட்டுலயே நடந்திருக்கு." சொல்லிவிட்டு, சிரிக்கவே தெரியாது என்று நான் நினைத்த அந்த முகத்தால் சிரித்துவிட்டார். மாடியிலேயே வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஜூனில் நாற்காலி என்னுடையதானது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அத்தையிடம் பாஸ் என்றேன். "நா பூசும்போதே தெரியும்" என்றார். பிறகு கூண்டைத் திறந்து, காதில் வெட்டும் வயிற்றில் தையலுமாகக் கிடந்த எலிகளைப் பார்த்தார்.

"மஞ்சாவையா கழுவிட்ட? வெள்ளிக்கெழமை அதுவுமா!"

இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. (எலிகளோடு பேசினார்.)

ஆனால் மாடியில் நடந்ததை என் கணவர் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அதுதான் அவருக்கே வினையாகப் போயிற்று. அன்றிலிருந்து அவர் நேரம் கழித்து வீட்டுக்கு வந்து, பஸ் கிடைக்கவில்லை, வசூலுக்குப் போனேன் என்று எதையாவது சொன்னால், அத்தை உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பார்: "வசந்தா, இவனைக் கொஞ்ச நேரம் வெயில்ல வெய்யி. எது சாயம், எது மஞ்சான்னு தெரிஞ்சிரும்."

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையன் வீட்டார் அவனுடைய படிப்பு, சம்பளம், குணம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. ஆனாலும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் பேசி முடித்ததும் என் பக்கம் சாய்ந்து, தான் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தெருமுனை வரை கேட்கிற குரலில் கேட்டார்:

"எல்லாம் சரிதான். புள்ளையை வெயில்ல வெச்சிப் பாத்தாச்சா?"

பையனின் அம்மா புரியாமல் என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். நான் பாதி சொல்வதற்குள் பையனே எழுந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எவ்வளவு நேரம் நிக்கணும் பாட்டி?" என்று கேட்டபடி வாசலுக்கு இறங்கிவிட்டான்.

கல்யாணம் தை மாதம்.